ஊரில் நடன வகுப்பு தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் நவீன நடனம் பயின்றுவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பி, நடனமும் உடற்பயிற்சியும் கற்பிக்கத் தொடங்கி 9 ஆண்டுகள் ஆகின்றன. என்னைப் போலவே வெளியூரில் பயின்று திரும்பிய இளைய ஆசிரியைகள் இருவர், தங்கள் வகுப்புகளைப் பார்க்கச் சென்ற வாரம் அழைத்திருந்தார்கள். நான் அன்று செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். நேரம் தவறாமை, கட்டண ஒழுங்கு போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தரையைப் பார்க்காமல் இடம் பிடிப்பது

பயிற்சிக் காலத்தில் நாங்கள் ஆடியது, அடியில் வெற்றிடம் விட்டு அமைத்த மரத்தரை. குதித்து இறங்கினால் சற்றே அமுங்கி எழும்; அதன் அருமை அங்கிருந்தவரை எனக்குத் தெரியவில்லை. ஊரில் நான் வாடகைக்கு எடுத்த மாடியிலோ சிமென்ட் தளத்தின்மேல் டைல்ஸ் பதித்திருந்தார்கள். கேரளத் தற்காப்புக் கலையான களரி மண்தரையில் கற்பிக்கப்படுவதை நேரில் பார்த்திருந்தும் நான் யோசிக்காமல், கையிலிருந்த பணம் முழுவதையும் ஆளுயரக் கண்ணாடிக்கும் ஸ்பீக்கருக்கும் செலவழித்தேன். தாவி இறங்கும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் இறங்குகிறது. தரை அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால் முழுவதையும் எலும்பும் மூட்டும்தான் தாங்க வேண்டும்.

காலை 5.30 மணி வகுப்புக்கு வந்துகொண்டிருந்த 41 வயது அக்கா ஒருவர், மூன்றாவது வாரத்தில், “டீச்சர், படி இறங்கும்போது இந்த ஒரே இடத்துல குத்துது” என்று கணைக்காலை விரலால் தொட்டுக் காட்டினார். “பழகினா சரியாயிரும்க்கா” என்றேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன். முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. வலி கூடிய பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. 8 வாரம் குதிக்கவே கூடாது என்றார் மருத்துவர். அக்கா திரும்ப வரவில்லை.

வலி கணைக்கால் நெடுகப் பரவியிருந்தால் சில நாள் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். ஒரு விரல்நுனியால் மூடக்கூடிய இடத்தில் குத்தினால் அன்றே குதிப்பதை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சென்ற வாரம் பார்த்த வகுப்பு ஒன்றில், கிரானைட் தரையில் 20 பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். “வினைல் விரிச்சிருக்கேனே அக்கா” என்றார் அந்தத் தங்கை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. மெல்லிய வினைல் விரிப்பு வழுக்காமல் காக்கும், அதிர்வை வாங்காது. கண்ணாடி பின்னால் வரட்டும். அடர்த்தியான ஃபோம் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் இரண்டு அடுக்கு பிளைவுட்டை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி தச்சரைக் கொண்டு பொருத்துங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும் என்பதால் சுவரோரம் விரலளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். அதற்குப் பணம் சேரும்வரை குதிப்பில்லாத பாடங்களை நடத்துங்கள். நடையும் தரைப் பயிற்சியுமே பல மாதங்களுக்குப் போதும்.

உடல் சூடேறுமுன் நீட்டிப் பிடித்தல்

வேண்டாம். முதல் 10 நிமிடம் நடக்கவும் கைகால்களைச் சுழற்றவும் விடுங்கள். நீண்ட நேரம் நீட்டிப் பிடிப்பதை வகுப்பின் முடிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சைச் சொல்லாமல் அசைவை மட்டும் காட்டுதல்

நவீன நடனத்தின் அமெரிக்க முன்னோடி மார்த்தா கிரஹாம் வகுத்த முறையில் வயிறு உள்ளொடுங்கும் அசைவு மூச்சு வெளியேறும்போது நிகழ்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மாணவிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளை மட்டும் கூனுவார்கள்.

எடை குறையும் என்று வாக்களித்தல்

ஒருபோதும் கூடாது.

துப்பட்டா

இடுப்பில் இறுக்கி முடிந்திருந்தாலும், தரையில் உருளும்போது முழங்காலுக்கடியில் சிக்கும். கழற்றி வைக்க ஒரு கொடி கட்டிக்கொடுங்கள்.