புது மீன் சிக்கியதா? உடனே வெயில்மேல் பழி போடாதீர்கள்

சிங்கப்பூரின் வடக்குக் கரையில் தூண்டில் போடும் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு படம் அனுப்பினார். உள்ளங்கை அளவு மீன். பச்சை கலந்த சாம்பல் நிறம், உடம்பில் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளிகள். கீழே ஒரு கேள்வி: “அண்ணே, நம்ம ஊர் கரிமீன் மாதிரியே இருக்கே. கடல் சூடாகி இங்க வரைக்கும் வந்துருச்சா?”

கேரளத்துக் காயல்களில் வாழும் அதே கரிமீனேதான். ஆனால் அது நீந்தி வரவில்லை. கரிமீன் முட்டையைக் கல்லிலோ கட்டையிலோ ஒட்டிவைத்துவிட்டுத் தாயும் தகப்பனுமாகக் காவல் காக்கிற சாதி. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வங்காள விரிகுடாவைத் தாண்டுவது நடக்கிற காரியமில்லை. அப்புறம், கேரளத்துக் காயலும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே ஓடும் நம் ஜொகூர் நீரிணை போலவே வெதுவெதுப்பானதுதான்; சூட்டைத் தேடி அது இங்கே வர வேண்டியதில்லை. யாரோ கொண்டுவந்த மீன், தண்ணீருக்குள் போய் இனம் பெருக்கிவிட்டது. நம் சதுப்புநில ஓடைகளில் இருக்கும் மாயன் சிக்லிட் என்ற மீன் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததும் இப்படித்தான். புண்ணியத்துக்காக உயிர்களை விடுதலை செய்யும் விசாக தினம் நெருங்கும்போதெல்லாம் ‘விலங்குகளை விடாதீர்கள்’ என்று தேசியப் பூங்காக் கழகம் சொல்வது சும்மா இல்லை. ஆகவே புது மீனைப் பார்த்தால் முதல் கேள்வி, இதை யார் விட்டார்கள் என்பதுதான்.

அடுத்த தவறு, வெளிநாட்டுச் செய்தியை அப்படியே இங்கே பொருத்துவது. அமெரிக்காவின் நார்த் கரோலைனாவில் பாம்லிக்கோ என்றொரு பெரிய கழிமுகம். 2003 முதல் அங்கே ஒழுங்காக வலை போட்டுக் கணக்கெடுத்தார்கள். 2011க்கு முன் காளைச் சுறாக் குட்டிகள் அரிது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் கிடைத்தன. கோடைத் தொடக்கத்தில் நீர் சூடானதும், உப்பு கூடியதும் அதோடு ஒத்துப்போயின. ஒரே இடம், ஒரே மாதிரி வலை, பல ஆண்டுகள் என்பதால்தான் அந்தக் கணக்கை நம்புகிறோம்.

ஃபுளோரிடாவில், நம் கொடுவாய்க்குத் தூரத்துச் சொந்தம் போலத் தோன்றும் ஸ்னூக் மீன், குளிர் தணியத் தணிய வடக்கே பரவியது. 2010 சனவரியில் அடித்த கடுங்குளிரில் ஏராளமாகச் செத்தும் போனது. அங்கே குளிர்காலம்தான் வாசற்கதவு. நமக்கு அந்தக் கதவே கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிகூட இல்லை. கடல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 27 முதல் 31 டிகிரி. இங்குள்ள மீன்கள் பலவும் தாங்கக்கூடிய உச்சத்துக்குப் பக்கத்திலேயே வாழ்பவை. சூடு இன்னும் ஏறினால் அவை குறையலாம், இடம் மாறலாம். அந்த இடத்தை நிரப்ப இதைவிடச் சூடான கடலிலிருந்து வருவதற்குப் பெரிதாக யாரும் இல்லை. ‘மீன்கள் வடக்கே போகின்றன’ என்ற தலைப்பை சிங்கப்பூரில் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். அதோடு கழிமுக மீனுக்குப் போய்ச் சேர இன்னொரு கழிமுகம் வேண்டும். ஒரு காலத்தில் இந்தத் தீவின் 13 விழுக்காடு அலையாத்திக் காடு; இப்போது ஒரு விழுக்காடுகூட இல்லை.

வெப்பமானியை மட்டும் பார்ப்பதும் தவறு. சூடான நீரில் உயிர்வாயு குறைவாகவே கரையும்: நன்னீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். விடியற்காலையில், பாசி பெருகிய தேங்கிய நீரில் அதுவே உயிர் போகிற வித்தியாசம். 2015இல் ஜொகூர் நீரிணைப் பண்ணைகளில் 500 டன்னுக்கு மேல் மீன் செத்ததற்குப் பாசிப் பெருக்கம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்க 1924இல் திறந்த கடற்பாலம் நீரோட்டத்தைக் குறுக்கே அடைத்ததால் அந்த நீரிணையில் தண்ணீர் சுலபமாக மாறுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

காலாங் ஆற்றுப் பக்கம் பழைய மீன் காணோம் என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அது நன்னீர்த் தேக்கம். உப்பு போனது, உப்பு மீனும் போனது. அந்தக் கணக்கைச் சூட்டின் தலையில் எழுத முடியாது.

தேக்கா ஈரச்சந்தையில் கொடுவாய் குவிந்திருப்பதும் எந்தச் சான்றும் ஆகாது. அது பெரும்பாலும் பண்ணை மீன்.

சரி, என்னதான் செய்வது? நண்பருக்கு எழுதினேன்: தேதி, இடம், ஏற்றமா வற்றமா, மழை பெய்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஒன்றும் சிக்காத நாளையும் எழுதுங்கள், அதுவும் கணக்குதான். மீனை ஐஸில் வையுங்கள், வந்து பார்க்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம் வந்தது. தட்டில், வாழையிலையில் சுட்ட கரிமீன். பாதி முடிந்திருந்தது.