ஊர் சுற்றப் போயும் மனசு ஓயவில்லையா? பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனி, ஞாயிறுக்கு வெளியூர் போய்விட்டு வந்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெங்களூரில் பெரும்பாலும் முதலில் வருவது டிராஃபிக் கதை. அப்புறம் பார்க்கிங், ரூம், சாப்பாடு. பார்த்த இடத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் தேறாது. இடத்தின் மேல் குற்றமில்லை. அங்கே நிம்மதியாக இருக்கப் போகிறோமா இல்லையா என்பது, பையைக் கட்டுவதற்கு முன்பே நாம் போடுகிற திட்டத்தில் முடிவாகிவிடுகிறது. அதனால் இங்கே சொல்லப்போகிற தவறுகளில் பாதி, வீட்டில் உட்கார்ந்தே திருத்திக்கொள்ளக் கூடியவை.

பெரிய தவறு, ஒரே நாளில் மூன்று ஊர். சமணத் தலமான சிரவணபெளகொளா, ஹொய்சள மன்னர்கள் காலத்துக் கோயில்கள் உள்ள பேலூர், ஹளேபீடு மூன்றையும் விடியற்காலையில் கிளம்பி இரவுக்குள் முடித்துவிடலாம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். முடிக்கலாம். ஆனால் பேலூருக்குப் போய்வர மட்டுமே 400 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். காரிலேயே எட்டு, ஒன்பது மணி நேரம் போய்விட்டால், ஒவ்வொரு ஊருக்கும் மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியிலும் ஒரு கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.

சிரவணபெளகொளாவையே எடுத்துக்கொள்ளுங்கள். விந்தியகிரிப் பாறையில் வெட்டிய 600-க்கும் மேற்பட்ட படிகளைச் செருப்பில்லாமல் ஏற வேண்டும். காலை உணவு, டோல், டீ என்று நேரம் போய், பதினொன்றரைக்கு அடிவாரம் வந்தால் பாறை கொதிக்கும். கால் சுடுகிறது என்ற நினைப்பிலேயே மேலே போய், சமணர்கள் வணங்கும் பாகுபலியின் சுமார் 57 அடி உயரச் சிலையை அண்ணாந்து பார்த்து, நாலு படம் எடுத்து இறங்கிவிடுவோம். அந்தச் சிலையின் காலடியில், கி.பி. 981 வாக்கில் அதை எழுப்பிய கங்க நாட்டு அமைச்சர் சாமுண்டராயரின் பெயர் கன்னடத்திலும் மராத்தியிலும் மட்டுமல்லாமல் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. "ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்" என்று, அந்தக் கால எழுத்துகளான கிரந்தமும் வட்டெழுத்துமாக. பெங்களூரில் வாழும் ஒரு தமிழருக்கு இது எவ்வளவு நெருக்கமான விஷயம்! அது இருப்பதே தெரியாமல் எத்தனை பேர் இறங்கிப் போகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஹளேபீடிலும் இதே கதைதான். ஹொய்சளர்கள் பயன்படுத்திய மாக்கல், வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டுப் பட்டு இறுகக்கூடியது. நகையின் ஒவ்வொரு மணியையும் தனியாகச் செதுக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சுவரின் அடி வரிசையில் யானைகள், அதற்கு மேல் சிங்கங்கள், குதிரை வீரர்கள், இன்னும் மேலே ராமாயண, மகாபாரதக் காட்சிகள். கோயிலை ஒரு சுற்று சுற்றி வந்தால் இவை எல்லாம் ஒரே சாம்பல் நிறப் பட்டையாகத்தான் தெரியும். பத்தடிச் சுவரைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். ஒரு யானையின் துதிக்கை எந்தப் பக்கம் வளைகிறது, பக்கத்து யானையுடையது எங்கே போகிறது என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் கழித்துத்தான் ஆபீஸ் நினைப்பு போயிருப்பதே தெரியவரும். பேலூரும் ஹளேபீடும் சோமநாதபுரத்தோடு சேர்ந்து 2023-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து இந்த ஊர்களைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. அதனால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஒரே ஊர். சிரவணபெளகொளாவுக்கு 2017-லிருந்து பெங்களூரிலிருந்து நேர் ரயில் பாதையே இருக்கிறது. பேலூர், ஹளேபீடு பார்க்க ஆசையென்றால் பக்கத்து நகரமான ஹாசனில் ஓர் இரவு தங்குங்கள்.

அடுத்தது வெள்ளி இரவுப் பயணம். வேலை முடிந்து, சில்க் போர்டு, கோரகுண்டேபாளையா மாதிரி நெரிசல் சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்று, நள்ளிரவு தாண்டி ரூமுக்குப் போய் விழுகிறோம். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மறுபாதியை விட விழிப்பாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பாதித் தூக்கத்தோடு எழுந்து ஐந்தரைக்கு சூரிய உதயம் பார்க்க ஓடினால் தலைவலிதான் மிஞ்சும். வெள்ளி இரவு கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால், சனி முற்பகலுக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். கேட் மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று மைசூரிலிருந்து விரட்டிக்கொண்டு போகிறார்கள். இருட்டுகிற நேரத்தில்தான் மான்களும் யானைகளும் சாலையைக் கடக்கும். தயவுசெய்து அந்தப் பந்தயம் வேண்டாம். மைசூரிலேயே படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் அந்தக் காட்டை மெதுவாகக் கடந்து போங்கள்.

போட்டோ எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2014-ல் வெளியான உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹென்கெலின் ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுசாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவற்றை விட அவை குறைவாகவே நினைவிருந்தன. ஆனால் ஒரு சிறு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த மறதி ஏற்படவில்லை. எனவே கோபுரம் முழுசையும் நாற்பது தடவை எடுப்பதை விட்டு, உங்களை நிறுத்திவைத்த அந்த ஒரு யானைச் சிற்பத்தை எடுங்கள். லேப்டாப் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று பையில் வைத்தால், திறக்காவிட்டாலும் அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். லீவு நாளிலும் ஆபீஸ் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய ஆன்கால் முறை இருந்தால் முன்கூட்டியே ஒருவரோடு மாற்றிக்கொண்டு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

நாம் அதிகம் பேசாத தவறு ஒன்று இருக்கிறது. குடும்பமாகப் போனால் எல்லோருடைய நிம்மதியையும் ஒரே ஆள் சுமப்பது. பெரும்பாலும் அது அம்மா. புளியோதரை டப்பா, தயிர் சாதம், மாமியாரின் சுகர் மாத்திரை, குழந்தையின் மாற்றுத் துணி, ரூம் சாவி என எல்லாம் அவர் தலையில். மற்றவர்கள் சிற்பம் பார்க்கும்போது அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். "வேணும்னா நீயும் போய்ப் பாத்துட்டு வா" என்று கடைசி ஐந்து நிமிஷத்தில் சொல்வது போதாது. முதல் நாள் இரவே பிரித்துக்கொள்ளுங்கள். "நாளைக்கு மதியம் வரைக்கும் எல்லாம் என் பொறுப்பு, நீ எதையும் கேக்காம பாத்துட்டு வா" என்று கணவர் சொல்லட்டும். மதியத்துக்கு மேல் மாற்றிக்கொள்ளலாம். வயதானவர்களைப் படியேறச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். நிழலில் உட்கார்ந்து, வருகிற போகிற ஜனங்களைப் பார்ப்பதே அவர்களுக்குப் பிடித்திருக்கலாம்.

பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள நந்தி மலைக்குச் சூரிய உதயத்துக்காக மட்டும் போவதும் சரியில்லை. மேகம் மூடிவிட்டால் பயணமே வீண் என்று ஆகிவிடுகிறது. அடிவாரத்தில், நந்தி கிராமத்தில் போகநந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. சோழர் காலப் பணிகளும் சேர்ந்த பழைய கோயில். படிக்கட்டுகள் இறங்குகிற பெரிய குளமும் உண்டு. மலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் இங்கே வாருங்கள்.

கடைசியாக, திரும்பும் நேரம். ஞாயிறு சாயங்காலம் ஹாசன் பக்கமிருந்து வருகிற வண்டியெல்லாம் பெங்களூருக்குள் நுழையும் முன் வருகிற நெலமங்களாவில்தான் வந்து நெருக்கும். இரண்டு நாளில் சேர்த்த அமைதி அந்த நெரிசலிலேயே கரைந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஊரை விட்டுக் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, நாலு மணிக்குள் வீடு வந்துவிடுங்கள். துணியை மிஷினில் போட்டுவிட்டு, காலைக்கு மாவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடலாம்.