அருவாமனையிலிருந்து கத்திக்கு மாறுகிறீர்களா?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொதிக்குக் காய் நறுக்க இன்றும் பல வீடுகளில் அருவாமனைதான். முட்டி வலி வந்தபிறகு நான் சமையல் மேடைக்கு மாறி, அகலமான பெரிய கத்தி ஒன்று வாங்கினேன். 8 அங்குல அலகு, அதாவது 20 சென்டிமீட்டர், வீட்டுக்குத் தாராளம். கை சிறியதென்றால் 6 அங்குலம். பளபளப்பில் மயங்காமல் கடையிலேயே பிடித்துப் பாருங்கள்.

பிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கைப்பிடியை மட்டும் இறுக்கினால் கத்தி ஆடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியை ஒட்டிய இடத்தில் அலகை இருபுறமும் கிள்ளிப் பிடிக்க, மற்ற மூன்றும் பிடியைச் சுற்றட்டும். காயைப் பிடிக்கும் கையில் விரல் நுனிகளை உள்ளே மடக்குங்கள். அலகு விரல் கணுவை ஒட்டியே இறங்கும், நகம் தப்பிக்கும். கேரட் உருண்டு ஓடுகிறதா? நீளவாக்கில் ஒரு சீவு சீவி, தட்டையான பக்கத்தைப் பலகையில் வையுங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி.

மழுங்கிய கத்திதான் கையைப் பதம் பார்க்கும். தக்காளித் தோலில் வழுக்குகிறதா, சரி, தீட்டும் நேரம். சாணைக்காரர் தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத சொரசொரப்பான வளையம் தெரியும். அதன்மேல் கத்தியை 20 டிகிரி போலச் சாய்த்து, பக்கத்துக்கு ஏழெட்டு இழுப்பு.

அப்புறம், தேங்காய் உடைக்க இந்தக் கத்தியை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், அலகில் பல் விழுந்தது. தேங்காய்க்கு வெட்டரிவாள்தான்.