கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் பொறியியல் சீட்: கட்ஆஃப் முதல் அலாட்மென்ட் வரை

அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வேண்டும் என்று பலரும் சொல்வது அதன் சென்னை வளாகக் கல்லூரிகளை மனத்தில் வைத்துத்தான்: கிண்டி பொறியியல் கல்லூரி, அதே வளாகத்தில் உள்ள ஏ.சி.டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி). ஊர் ஊராக இருக்கும் இணைவுக் கல்லூரிகளும் அண்ணா பல்கலைக்கழகப் பட்டமே தருகின்றன. ஆனால் போட்டி கடுமையாக இருப்பது இந்த வளாகங்களுக்குத்தான். நுழைவுத் தேர்வு கிடையாது, அது 2007-லேயே போய்விட்டது. ஜே.இ.இ. மதிப்பெண்ணும் இங்கே செல்லாது. பன்னிரண்டாம் வகுப்பின் மூன்று பாட மதிப்பெண்களும், அதன் பிறகு தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான டிஎன்இஏ கலந்தாய்வில் நீங்கள் எடுக்கும் முடிவுகளுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பெண்ணான கட்ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும். கணிதம் அப்படியே 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. இதன் பொருளைப் பல வீடுகளில் சரியாக உணர்வதில்லை. இருவர் மூன்று பாடங்களிலும் சேர்த்து 285 எடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குக் கணிதம் 100, இயற்பியல் 92, வேதியியல் 93. கட்ஆஃப் 192.5. மற்றவருக்குக் கணிதம் 90, இயற்பியல் 97, வேதியியல் 98. கட்ஆஃப் 187.5. மொத்தம் ஒன்றுதான், ஆனால் ஐந்து மதிப்பெண் வித்தியாசம். தரவரிசையில் அது ஆயிரக்கணக்கான இடங்கள். கட்ஆஃப் சமமாக இருந்தாலும் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியலை. ஆகவே படிக்கும் நேரத்தைப் பிரிக்கும்போது கணிதத்துக்கு இரண்டு பங்கு கொடுங்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் கணித வினாத்தாள் 90-க்கு, அகமதிப்பீடு 10. இருபது ஒரு மதிப்பெண் வினாக்கள், ஏழு இரண்டு மதிப்பெண், ஏழு மூன்று மதிப்பெண், ஏழு ஐந்து மதிப்பெண். நல்ல மாணவர்கள் நழுவவிடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, ஒரு மதிப்பெண் பகுதி. விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுத வேண்டும். குறியீடு ஒன்றும் விடை வேறொன்றுமாக எழுதினால் அந்த மதிப்பெண் போய்விடும். இரண்டாவது, 30-ஆம், 40-ஆம் கட்டாய வினாக்கள். சாய்ஸ் இல்லாத இந்த இரண்டும் பயிற்சிக் கணக்கிலிருந்து அப்படியே வரும் என்று நம்பக்கூடாது. புத்தகத்தின் எடுத்துக்காட்டுகள், பாடத்தின் நடுவே வரும் தேற்றங்கள், எண்ணை மாற்றிய கணக்குகள் என்று மூன்றையும் போட்டுப் பார்த்தவர்களே அங்கே தடுமாறாமல் எழுதுகிறார்கள். இயற்பியல் கணக்குகளில் இறுதி விடைக்கு அலகு எழுத மறந்தால் அரை மதிப்பெண் குறையும். செய்முறை 20, அகமதிப்பீடு 10 இரண்டும் பள்ளியிலேயே கைக்கு வருபவை. ரெக்கார்டு நோட்டையும் வருகைப் பதிவையும் ஜனவரிக்குள் ஒழுங்கு செய்துவிடுங்கள்.

முடிவு வந்ததும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால், முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவகாசம் சில நாட்கள்தான். நகல் கையில் வந்ததும் பாட ஆசிரியருடன் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள்: திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா, கூட்டல் சரியா, படிநிலை மதிப்பெண் விடுபட்டிருக்கிறதா? தெளிவான காரணம் கிடைத்தால் மட்டும் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேளுங்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும். குறைந்தால் அந்தக் குறைந்த மதிப்பெண்தான் நிற்கும்.

சான்றிதழ்களை ஏப்ரலிலேயே எடுத்து வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி., சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 சதவீதம் பொதுப்பிரிவு, அதில் எல்லோரும் போட்டியிடலாம். மத்திய அரசுத் தேவைக்காக வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் இங்கே உதவாது. வருவாய்த் துறை வழங்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ்தான் வேண்டும். வேறு மாநிலச் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பொதுப்பிரிவிலேயே சேர்க்கப்படுவார்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதைத் தெரியாமலே பலர் தவறவிடுவது வருத்தமான விஷயம். ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்து, பிறகு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். அரசு உதவிபெறும் பள்ளிக்குப் பொருந்தாது. நடுவில் ஓராண்டு மாறிப் படித்திருந்தாலும் தகுதி போய்விடும். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கட்டணத்தைத்தான் குறைக்கும், ரேங்க்கை உயர்த்தாது.

ரேங்க் பட்டியல் வந்த பிறகு சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரி, பாடப்பிரிவுகளை வரிசைப்படுத்திப் பதிவது. கெட்டிக்கார மாணவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள். கடந்த ஆண்டு கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்ஆஃபை மட்டும் பார்த்து "நமக்குக் கிடைக்காது" என்று விட்டுவிடுவது முதல் தவறு. வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் கட்ஆஃப் ஏறும், கடினமான ஆண்டில் இறங்கும். ரேங்க் அவ்வளவு ஆடாது. அதனால் உங்கள் பொது ரேங்க், இடஒதுக்கீட்டுப் பிரிவு ரேங்க் இரண்டையும், முந்தைய ஆண்டுகளில் அந்தப் பாடப்பிரிவு எந்த ரேங்க்கில் மூடப்பட்டது என்பதோடு ஒப்பிடுங்கள்.

பட்டியலை விருப்ப வரிசையில் மட்டுமே எழுதுங்கள். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைத் தரும். எட்டாது என்று தோன்றும் கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸை முதலிடத்தில் வைப்பதால் கீழே உள்ள எந்த வாய்ப்பும் குறையாது. ஆனால் இரண்டாம்தர விருப்பத்தை மேலே போட்டுவிட்டால், கீழே எழுதிய நல்ல இடம் காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது. எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பத்து பன்னிரண்டோடு நிறுத்தியவர்கள்தான் பெரும்பாலும் அலாட்மென்ட் இல்லாமல் நிற்கிறார்கள். ஒரே பாடப்பிரிவு சுயநிதி முறையிலும் தனிக் குறியீட்டில் இருக்கும், அதற்குக் கட்டணம் அதிகம். பெயரை மட்டும் பார்க்காமல் குறியீட்டையும் சரிபாருங்கள். லாக் செய்யும் முன் ஒரு பிரிண்ட் எடுத்து, வீட்டில் இன்னொருவரைக் குறியீடு குறியீடாக வாசிக்கச் சொல்லுங்கள். வேலை செய்யும் முறை இதுதான்.

தற்காலிக அலாட்மென்ட் வந்ததும், குறித்த அவகாசத்துக்குள் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். பதில் சொல்லாவிட்டால் சீட் ரத்து. ஏற்றுச் சேரலாம், அல்லது ஏற்றுக்கொண்டு அப்வேர்டு கேட்கலாம். அப்வேர்டு என்பது உங்கள் பட்டியலில் கிடைத்த இடத்துக்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டும்தான். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் உடனே போய்விடும், மனம் மாறித் திரும்ப வர முடியாது. ஆகவே மேலே எழுதிய ஒவ்வொன்றும் இப்போது கையில் உள்ளதைவிட உண்மையிலேயே வேண்டியதுதானா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். நிராகரித்துவிட்டு அப்வேர்டு கேட்பது கையிலுள்ள சீட்டை விட்டுக்கொடுப்பது. வேறு கல்லூரியில் இடம் உறுதியாக இருப்பவர்களைத் தவிர யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இந்த வளாகங்களில் மேனேஜ்மென்ட் கோட்டாவே இல்லை. வெளிநாட்டு வாழ் இந்தியர், வளைகுடாவில் பணிபுரிவோரின் பிள்ளைகள் ஆகியோருக்கான இடங்களுக்கும் பல்கலைக்கழகமே நேரடியாக விண்ணப்பம் வாங்குகிறது. இடைத்தரகர் யாராவது "கிண்டியில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்டால் அது மோசடி. பணம் கொடுக்காதீர்கள், கொடுத்துவிட்டிருந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.