சின்னப்பன் என்றால் சித்தப்பா இல்லை

கத்தோலிக்கக் கோயில்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படித்து வம்சாவளி எழுதிக் கொடுப்பது என் வேலை. புதிதாக வரும் பிள்ளைகள் ‘சின்னப்பன்’ என்ற பெயரில்தான் சறுக்குகிறார்கள். நானும் அங்கேதான் விழுந்தேன்.

பிரித்துப் பொருள் சொல்வது

‘சின்ன அப்பன், அதாவது சித்தப்பா’ என்று ஒரு தம்பி குறிப்பெழுதி வைத்திருந்தார். பவுலுஸ் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். அதைத் தமிழாக்கி, மரியாதைக்கு ‘அப்பர்’ சேர்த்ததில் திருத்தூதர் பவுல் சின்னப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனதும் இப்படித்தான். எபிரேயத்தில் அந்தப் பெயருக்கு ‘கடவுள் அருள்கூர்ந்தார்’ என்று பொருள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. 1995-இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வந்தபின் கோயில் வாசகத்தில் அவர்கள் கேட்பதெல்லாம் பவுல், பேதுரு, யோவான்தான்.

ஒரே ஆளை மூன்று பேராக்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, என் மேலேதான். நிலத்தகராறு ஒன்றுக்காக ஒரு குடும்பம் வந்தது. தாத்தாவின் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பவுலுஸ், கிரயப் பத்திரத்தில் சின்னப்பன், பள்ளிச் சான்றிதழில் பால்ராஜ். தகப்பன் பெயர் பதிவேட்டில் ஜோசப், மற்ற இரண்டிலும் சூசை. ஜோசப்தான் சூசை என்று தெரிந்த எனக்கு, பவுல்தான் சின்னப்பன் என்று தெரியவில்லை. ஒரே தகப்பன், மூன்று பெயர். அப்புறம் என்ன, அண்ணன் தம்பி மூவர் என்று வம்சாவளிக் கட்டம் கட்டிக் கொடுத்துவிட்டேன். மற்ற இருவருக்கு ஏன் ஞானஸ்நானப் பதிவே இல்லை என்று யோசிக்கவில்லை.

இல்லாத இரண்டு தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்க அவர்கள் எட்டு மாதம் ஊர் ஊராக அலைந்தார்கள். வக்கீல் செலவு தனி. கடைசியில் ஒரு பாட்டிதான் சொன்னார்: “மூணும் எங்க அப்பாதான்யா. கோயில்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு, வாத்தியார் வச்சது ஒண்ணு.”

இப்போதெல்லாம் வயதானவர் ஒருவரிடம் பேசாமல் நான் கட்டம் போடுவதில்லை. யாராவது போட்டுக்கொண்டு வந்தால் தொடுவதுமில்லை.

‘பவுலி’ என்று எழுதுவது

பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் ‘பவுலி’ என்று கண்டு, அதையே பெயராக எழுதிவிடுகிறார்கள். லத்தீனில் பவுலி என்றால் ‘பவுலுடைய’. அப்படி ஒரு ஆள் கிடையாது.

சின்னப்பன் என்றாலே கிறிஸ்தவர் என்பது

சாண்டோ சின்னப்பா தேவர் முருக பக்தர்.