பழைய சுண்ணக் காரையையும் வண்ணத்தையும் ஆராயும் முறை

வேலூர்ப் பகுதியில் பழைய காரை வீடுகள் இடிக்கப்படும்போது விழும் சுவர்த்துண்டுகளே இந்த ஆய்வைப் பழகுவதற்கு ஏற்றவை. ஆம்பூர் அருகே மலையம்பட்டில் உள்ள அர்மாமலைக் குகையின் சமண ஓவியங்களைப் போன்றவற்றிலிருந்து, தொல்லியல் துறையின் எழுத்துவழி அனுமதியின்றி நகக்கண் அளவுத் துகளைக்கூட எடுக்கக் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற நிறத்தை உதிர்த்துவிட்டால் யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

தூசி போகட்டும் என்று துண்டைத் தண்ணீரில் கழுவாதீர்கள். காரையில் சேர்த்த வெல்லம், கடுக்காய்ச் சாறு ஆகியவற்றின் எச்சம் ஏதேனும் மிஞ்சியிருந்தால், அதுவும் கழுவும் நீரோடு போய்விடும். மென்மையான தூரிகையால் துடைத்து, உடைந்த பக்கத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். அடியில் பருமணல் கலந்த கனத்த பூச்சும், மேலே வெண்மையான மெல்லிய பூச்சும் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றின் தடிமனையும் மில்லிமீட்டரில் குறித்து, கூரிய கத்தியால் பிரித்து, தனித்தனி உறைகளில் இடுங்கள். ஒவ்வோர் உறையிலும் பாதியைத் தொடாமல் வைத்துவிடுவது அவசியம், ஏனெனில் அடுத்த சோதனை துண்டையே அழித்துவிடும்.

கலவை விகிதத்தை அறிய, உலர்ந்த காரை 20 கிராமை விரல்களால் நொறுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக நுரை அடங்கும் வரை விடுங்கள். நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். கண்பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மீதியை வடிகட்டி உலர்த்தி எடை போடுங்கள். 14 கிராம் மிஞ்சினால், கரைந்த 6 கிராம் சுண்ணாம்பு கார்பனேட்டு. அதை 0.74-ஆல் பெருக்கினால், கொத்தனார் கலந்த நீற்றிய சுண்ணாம்பு ஏறத்தாழ 4.4 கிராம் என்று கிடைக்கும். ஆகவே எடையளவில் ஒரு பங்கு சுண்ணாம்புக்குச் சுமார் மூன்று பங்கு மணல். பாலாற்று மணல் பெரும்பாலும் கருங்கல் வகைப் பாறைகள் தேய்ந்து வந்த குவார்ட்சு, பெல்ட்ஸ்பார் என்னும் கனிமங்கள் ஆதலால் அமிலத்தில் கரையாது, இங்கே இந்தக் கணக்கு நம்பத்தக்கது. கிளிஞ்சல் துகள் கலந்த கடற்கரை மணலுக்கு இதே கணக்கைப் போட்டால் சுண்ணாம்பு கூடுதலாகத் தெரிந்துவிடும். வடிதாளில் தங்கும் மெல்லிய களிமண்ணை யாரோ சேர்த்த மண் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். சுக்கான்கல்லைச் சுட்ட சுண்ணாம்பிலேயே அது இருந்திருக்கலாம்.

எடுத்து வைத்த பாதியை அகச்சிவப்பு நிறமாலை ஆய்வுக்கு அனுப்பினால் வெல்லம், கடுக்காய்ச் சாறு போன்ற கரிமச் சேர்க்கைகள் தெரியவரலாம்.

வண்ணத்துக்கு, கடுகளவுச் செதிலை எப்பாக்சி என்னும் இறுகும் பிசினில் பதித்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் குறுக்குவெட்டாகப் பாருங்கள். நிறம் சுண்ணப் படிகங்களுக்குள் புகுந்து எல்லைக்கோடு மங்கியிருந்தால் ஈரப்பூச்சின்மேல் தீட்டியிருக்கலாம். தெளிவான கோட்டுக்கு மேல் தனி ஏடாகப் படிந்திருந்தால், காய்ந்த சுவரில் பசை கலந்து தீட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சிவப்பு கிடைத்தால் அது இயற்கைச் சிவப்பா, சுட்டெடுத்ததா என்ற கேள்வி மிச்சம்: மஞ்சள் காவியைச் சுமார் 300 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினாலும் நீர் நீங்கிச் சிவந்துவிடும். ஆகவே இரும்பு ஆக்சைடு என்பதோடு நிறுத்தாமல், படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்புவிளைவு (XRD) ஆய்வில் படிகக் கோடுகள் அகன்றிருக்கின்றனவா என்று பாருங்கள். அகன்றிருந்தால் அது சுட்டெடுத்த சிவப்பாக இருக்கலாம்.