பக்கவாதத்துக்குப் பிறகு உடற்பயிற்சி: வீடுகளில் நடக்கும் தவறுகள்

கடலூர் முதுநகரானாலும் சரி, புதுச்சேரி முத்தியால்பேட்டையானாலும் சரி, ஸ்ட்ரோக் வந்தவர் வீட்டில் கட்டாயம் ஒரு ரப்பர் பந்து இருக்கும். யாராவது ஒருவர் “அமுக்கிக்கிட்டே இருங்க” என்று வாங்கிக் கொடுத்திருப்பார். பக்கவாதத்தில் விரல் மடங்குவது பெரும்பாலும் முதலில் திரும்பிவிடும், விரிவதுதான் தாமதமாகும். மடக்கும் தசை ஏற்கெனவே இறுகியிருப்பவர் நாள் முழுக்கப் பந்தையே அமுக்கிக்கொண்டிருந்தால், கை திறக்கவே பழகாது. அதற்குப் பதில் ஒரு டம்ளரைப் பிடித்து, நகர்த்தி, விடச் சொல்லுங்கள். அந்த விடுவதில்தான் வேலை இருக்கிறது.

தோள் விஷயம் இதைவிட மோசம். கட்டிலிலிருந்து எழுப்பும்போது விழுந்துபோன கையைப் பிடித்து இழுப்பார்கள், இல்லையென்றால் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவார்கள். தோள் மூட்டைத் தாங்குவதே சுற்றியிருக்கும் தசைகள்தான். அவை தளர்ந்த நேரத்தில் இழுத்தால் மூட்டு இறங்கி வலி பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்தக் கையை யாரையும் தொட விடமாட்டார். கதவு நிலையில் கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து மற்றக் கையைத் தூக்கும் பயிற்சியும் இப்படித்தான். தலைக்கு மேல் கப்பி வேண்டாம் என்று அமெரிக்க இதய சங்கத்தின் 2016 வழிகாட்டுதலே சொல்கிறது. எழுப்பும்போது இடுப்பில் பிடியுங்கள்.

எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, இதமாக இருக்கும். ஆனால் கோளாறு மூளையில். அடுத்தவர் கைகாலை ஆட்டிவிட்டால் மூட்டு இறுகாமல் இருக்கும், பலம் வராது. நோயாளி தானாக முயன்றால்தான் மூளை மறுபடி வழி கண்டுபிடிக்கும். புறா ரத்தம் தேய்ப்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, பாவம் புறா.

பல வீடுகளில் பலத்தைக் கெடுப்பது பாசம்தான். மருமகள் ஊட்டிவிடுவார், மகன் சட்டை மாட்டிவிடுவார், பேரன் தண்ணீர் எடுத்துத் தருவான். சில மாதத்தில், கொஞ்சம் அசையக்கூடிய கையைக்கூட அவர் மறந்துவிடுவார். சட்டைப் பொத்தான் போட கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், அதுவும் பயிற்சிதான். மூன்று மாதம் தாண்டினால் அவ்வளவுதான் என்று கைவிடுவதும் தவறு. வேகமான முன்னேற்றம் ஆரம்ப மாதங்களில்தான், உண்மை. ஆனால் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையையே வேலை செய்ய வைத்த ஓர் ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கே அதில் பலன் கிடைத்தது. கை ஓரளவாவது அசைபவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள் நீண்ட நேரம் எழுப்பி நடக்கவைத்தால் பலன் குறைகிறது என்று 2,104 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் காட்டியது. எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

காலுக்கு நான் நம்புவது உட்கார்ந்து எழுவதைத்தான். உறுதியான நாற்காலி, பாதம் கொஞ்சம் உள்ளே, முன்னால் குனிந்து எழ வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். எல்லோரும் நல்ல காலை மட்டும் ஊன்றி எழுந்துவிடுவார்கள். நல்ல காலைச் சற்று முன்னே வைத்தால் பலவீனமான கால் வேலை செய்தே ஆக வேண்டும். பத்துத் தடவை சுலபமாகிவிட்டால் உயரம் குறைந்த நாற்காலிக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் அதே பயிற்சியை அதே அளவில் செய்தால் பலம் கூடாது. மூச்சை அடக்காமல் இருக்க எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

நடக்க கடலூர் சில்வர் பீச் மணலுக்கு இப்போதைக்கு வேண்டாம், நுனிப்பாதம் தூக்க முடியாதவருக்குக் கால் இடறும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், தரையும் சமம். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ளது போடுங்கள்.

பயிற்சியின்போது நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, புதிதாகக் கை கால் மரத்தாலோ உடனே 108. மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.